கட்டிப்பிடிக்கச் சொல்லாதே, மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, உன்னை விசாரித்தார். பதில் எழுதத் தாமதமானதற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் திட்டி முடித்த கையோடு இதை முழுக்கப் படி. வருகிற ஞாயிறு வாத்தியாரையும் அவருடைய கறுப்பு லாப்ரடாரையும் பண்ணைக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுக்கப்போகிறாய் என்று உன் தங்கை சொன்னாள். அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்தாக வேண்டும்.

நீ அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். வைக்கோல் போருக்கு முன்னால் ஒரு பையன் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறானே, ‘எல்லாவற்றிலும் இதுதான் டாப்’ என்று எழுதியிருந்தாயே, அந்தப் படத்தை எடு. பையனைக் கையால் மறைத்துவிட்டு நாயை மட்டும் பார். காது இரண்டும் பின்னால் படிந்து ஒட்டியிருக்கின்றன. தலை அவனிடமிருந்து விலகித் திரும்பியிருக்கிறது. வாய் இறுக மூடியிருக்கிறது. கண்ணின் ஓரத்தில் வெள்ளை பிறைபோலத் தெரிகிறது. அதற்கு அடுத்த பிரேமில் நாக்கு வெளியே வந்து மூக்கை நக்குகிறது, அதற்கடுத்ததில் கொட்டாவி. பசியும் இல்லை, தூக்கமும் இல்லை. ‘என்னை விடு’ என்று அந்த நாய் வரிசையாக மூன்று தடவை சொல்லியிருக்கிறது, நீ பர்ஸ்ட்டில், நிறுத்தாமல் படம் படமாகத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாய்!

கழுத்தைச் சுற்றிக் கை போடுவது நமக்குப் பாசம். பெரும்பாலான நாய்களுக்கு அது பிடித்து அடக்குவது. வீட்டில் அன்றாடம் பொறுத்துக்கொள்கிற நாய்கூட, புது இடம், புது வாசனை, முன்னால் ஒரு பெரிய கறுப்பு லென்ஸ் என்று சேர்ந்தால் பொறுக்காது. பொறுமை தீர்ந்த நாயின் வாய்க்குப் பக்கத்தில் இருப்பது குழந்தையின் முகம் என்பதை மறந்துவிடாதே. படம் கெடுவதைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை.

அதனால் யாரையும் கட்டிப்பிடிக்கச் சொல்லாதே. வளர்ப்பவரைத் தரையில் உட்காரச் சொல், நாய்க்கு நேரெதிராக இல்லாமல் பக்கத்தில், தோளோடு தோள் வருகிற மாதிரி. கை நாயின் மார்பிலோ தோளிலோ மெதுவாக இருக்கட்டும், தலைக்கு மேலிருந்து இறங்க வேண்டாம். 3 நொடி தடவிவிட்டுக் கையை எடுக்கச் சொல். நாய் தானாகச் சாய்ந்தால் தொடரலாம். விலகினால் விட்டுவிட வேண்டும். சாய்கிற அந்தக் கணத்துக்கு நீ முன்கூட்டியே ஃபோகஸ் பிடித்துத் தயாராக இரு, நீ தேடுகிற படம் அங்கேதான் இருக்கிறது. இன்னொன்று, இரண்டு பேரையும் கேமராவைப் பார்க்க வைக்கப் போராடாதே. மனிதர் நாயைப் பார்க்கட்டும், நாய் மட்டும் உன்னைப் பார்த்தால் போதும். நாயைப் பார்க்கும்போது மனிதர்களுக்குப் படத்துக்கான சிரிப்பு மறந்துபோகிறது, முகம் தானாக இளகுகிறது.

லென்ஸின் வாயை அகலத் திறந்து பின்னணியை மங்க வைக்கும் உன் எஃப்/1.8 பைத்தியம் இன்னும் தெளியவில்லை போலிருக்கிறது! எஃப் எண் ஏற ஏற அந்த வாய் சிறுக்கும். கல்லூரியிலேயே உனக்கு ‘மங்கல் மன்னன்’ என்று பேர் வைத்தது சும்மாவா? கணக்கைப் பார். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (பழைய ஃபிலிம் அளவுக்குச் சென்சார் உள்ளது) 85 மி.மீ. லென்ஸ், எஃப்/1.8, தூரம் 2 மீட்டர் என்றால் ஃபோகஸுக்குள் வரும் ஆழம் சுமார் 6 செ.மீ.தான். லாப்ரடாரின் மூக்கு நுனியிலிருந்து கண் வரைக்குமே அதைவிட அதிகம். கண் தெளிவாக வந்தால் மூக்கு மங்கும், பக்கத்தில் இருக்கிற மனிதர் அரை அடி பின்னால் இருந்தால் அவர் பஞ்சாகிவிடுவார். எஃப்/4-இல் அது சுமார் 13 செ.மீ., எஃப்/5.6-இல் சுமார் 18 செ.மீ. இருவர் படத்துக்கு அந்த எண்ணிலேயே நில். இரண்டு முகமும் லென்ஸிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி உட்கார வை. பின்னணி கரைய வேண்டும் என்றால் அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் வாயை, திறக்காதே, அவர்களை வேலியிலிருந்து 10 மீட்டர் முன்னால் தள்ளிக் கூட்டி வா. பண்ணையில் இடத்துக்கா பஞ்சம்?

கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோ ஃபோகஸை விலங்கு என்று மாற்றி வை. மனிதன் என்று இருந்தால் அது வாத்தியாரின் கண்ணாடிக்கு ஓடிவிடும். நெற்றி முடி கண்ணை மறைக்கிற ஜாதிகளில் எந்தக் கேமராவும் தடுமாறும், அங்கே சின்ன ஒற்றைப் புள்ளியை நீயே கண்மேல் வை. உட்கார்ந்திருக்கும் நாய்க்கு ஷட்டர் வேகம் 1/250 நொடி போதும், நடந்தால் 1/800. ஓடினால் 1/2000-க்குக் கீழே இறங்காதே. நொடிக்கு 8 மீட்டர் குறுக்கே ஓடும் நாய் 1/500 நொடியில் 1.6 செ.மீ. நகர்ந்துவிடும், அத்தனையும் முகத்தில் இழுபடும். ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வு அளவை, தானியங்கியில் விடு. படத்தில் மணல் தூவினாற்போலக் கொஞ்சம் புள்ளி தெரிந்தால் பரவாயில்லை, இழுபட்ட கண்ணை எதுவும் காப்பாற்றாது.

லென்ஸ் நாயின் கண்மட்டத்தில் இருக்க வேண்டும். உனக்குத் தொப்பை இருக்கிறதென்று சாக்குச் சொல்லாதே, கேமராவில் மடக்குத் திரை எதற்கு இருக்கிறது?

கறுப்பு நாய் ஃபிரேமை நிறைக்கும்போது கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், அதனால் எக்ஸ்போஷரை 0.7 முதல் 1 ஸ்டாப் வரை குறைத்து வை (1 ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதி). நேர்வெயிலில் நிறுத்தினால் முதுகு பளபளக்கும், முகம் தார்க்கட்டியாக இருக்கும். கொட்டகையின் நிழல் முடிகிற விளிம்புக்குக் கொண்டு போய், முகத்தைத் திறந்த வானத்தை நோக்கித் திருப்பு. கண்ணில் அந்த வானம் ஒரு வெள்ளைப் பொட்டாக விழும். அது விழுந்தால்தான் கறுப்பு முகத்தில் கண் எங்கே என்றே தெரியும். வெள்ளை நாயாக இருந்தால் பிரச்சினை வேறு. வெயில் படும் புல்லிலிருந்து பச்சை தெறித்து வயிறும் தாடையும் பச்சையாகிவிடும். உன் ஏழாவது படத்தில் அந்தப் பொமரேனியனைப் பார். எடிட்டில் ரோமத்தை மட்டும் பிரித்தெடுக்கும் மாஸ்க் போட்டுப் பச்சையின் செறிவைக் குறை, முழுப் படத்துக்கும் குறைத்துப் புல்லைக் காய வைத்துவிடாதே.

சத்தம் எழுப்பும் பொம்மையைத் தொடர்ந்து அமுக்கிக்கொண்டே இருக்காதே. காது நிமிர்ந்து தலை சாய்கிற பார்வை முதல் சில தடவைதான் கிடைக்கும், அப்புறம் நாய் சட்டை பண்ணாது. ஃபோகஸ், ஃபிரேம், மனிதரின் முகம் எல்லாம் சரியான பிறகு ஒரே ஒரு தடவை அமுக்கு. கூப்பிடுவது ஒரே ஆளாக இருக்கட்டும், அவரும் உன் தலைக்குப் பின்னால் நிற்கட்டும். நாலு திசையிலிருந்து நாலு பேர் அதன் பெயரைச் சொன்னால் பாவம் அது எங்கே பார்க்கும்? தீனி பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம், மெல்லுகிற வாய் படத்துக்கு ஆகாது. குழந்தைகள் கையில் இருக்கும் சாக்லேட்டையும் திராட்சையையும் முதலிலேயே வாங்கி வண்டியில் பூட்டிவிடு, இரண்டுமே நாய்க்கு விஷம்.

இப்போது பண்ணை. நீ ஒளியைப் பார்க்கப் போவாய், அதற்கு முன்னால் ஒரு சுற்று நாயின் கண்ணால் நட. எலி மருந்து எங்கே வைத்திருக்கிறார்கள், எந்தப் பாத்தியில் மருந்து அடித்திருக்கிறார்கள், மின்வேலி போட்டிருக்கிறார்களா, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு உண்டா என்று பண்ணைக்காரரிடம் வாய் திறந்து கேள். கன்று போட்ட மாடு இருக்கும் பக்கம் போகவே போகாதே. அது நாயைத்தான் முட்ட வரும், நாய் ஓடி ஒளிவது வாத்தியாரின் காலடியில். நீளக் கயிறு போட்டால் கழுத்துப் பட்டையில் மாட்டாமல், மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸில் மாட்டு, ஓடுகிற நாய் கயிறு தீர்ந்து சட்டென்று நின்றால் அடி கழுத்தில் விழும். கயிறு படத்தில் தெரிகிறதே என்று அவிழ்க்காதே. மெல்லிய கயிறாகப் பிடித்து எடுத்துவிட்டு, நாய் நகர்ந்ததும் அதே இடத்தில், அதே ஃபோகஸில் ஒரு வெற்றுப் படம் எடுத்து வை. அப்புறம் அதை அடியில் வைத்துக் கயிற்றை அழிப்பது சுலபமான வேலை. திரும்பும்போது விரலிடுக்கிலும் காதுக்குள்ளும் ஊசிப்புல் விதை, உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொல். ஊசிப்புல் தோலைத் துளைத்து உள்ளே போய்க்கொண்டே இருக்கும், லேசில் வெளியே வராது.

வாத்தியாரின் நாய்க்கு வயதாகிவிட்டது, மாப்ளே. இடுப்பு தளர்ந்திருக்கும். உட்கார், எழுந்திரு, உட்கார் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதே. வைக்கோல் கட்டின்மேல் ஏற்றாதே, இறங்கும்போதுதான் அதற்கு வலிக்கும். தடித்த விரிப்பை மடித்துப் போட்டுப் படுக்க விடு, நீயும் படுத்து எடு. காது மந்தமாகியிருந்தால் பொம்மை எதற்கு? தீனி வாசனை காட்டு, கையை ஆட்டு. கண்ணில் நீலம் படர்ந்திருந்தால் வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து விழ விடு. மூக்கைச் சுற்றியுள்ள நரையை எடிட்டில் தொடாதே, அதுவும் அப்படியே வர வேண்டும். காலை வெயில் ஏறுமுன் அரை மணி நேரம், நடுவில் தண்ணீரும் ஓய்வும், அவ்வளவுதான். நாக்கு அகலமாகி நுனி சுருண்டு தொங்கினால் அந்த நிமிடமே நிறுத்து, எவ்வளவு நல்ல ஒளியாக இருந்தாலும். தரை சுடுகிறதா என்று புறங்கையை 7 நொடி வைத்துப் பார், உனக்குப் பொறுக்காவிட்டால் அதன் பாதத்துக்கும் பொறுக்காது.

‘மழை விட்டதும் போகலாம், அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று வாத்தியார் தள்ளிப்போடப் பார்ப்பார். விடாதே. அந்த வயதில் ஒரு மாதம் சின்ன விஷயமில்லை.

அவர் வழக்கம்போல வெள்ளைச் சட்டையில்தான் வருவார். கறுப்பு நாய் பக்கத்தில் வெள்ளைச் சட்டை என்றால் ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்று போய்விடும். சாம்பலோ மங்கிய நீலமோ, கட்டம் இல்லாததாகப் போட்டுக்கொள்ளும்படி டீச்சரம்மாவிடம் சொல்லி வை, அவரிடம் நேராகச் சொன்னால் கேட்க மாட்டார். கண்ணாடியில் வானம் பிரதிபலித்தால் முகவாயை ஒரு விரற்கடை தாழ்த்தச் சொல்.

எடுத்து முடித்ததும் கழித்துக்கட்டாமல் எல்லா ரா ஃபைல்களையும் (கேமரா பதிந்த அசல் கோப்புகள்) எனக்கு அனுப்பு, மங்கினதையும் சேர்த்து. ஃபோகஸ் எந்தெந்த இடத்தில் நழுவியிருக்கிறது என்று குறித்து அனுப்புகிறேன். எஃப்/1.8-இல் எடுத்து அனுப்பினாயோ, தெரியும்!

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்