மாற்றியமைத்த காருக்கென்றே விற்ற கருவி, மாற்றியமைத்த கார் என்பதால் வாரண்டி இல்லையாம்!

அனுப்புநர்:
பெயரும் முகவரியும் உங்கள் ரசீதில் உள்ளபடி,
சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: சக்கரம் பிடிப்பில்லாமல் சுழல்வதைத் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் கருவியைத் தவறாகப் பொருத்தியதால் காருக்கு ஏற்பட்ட சேதம், பணத்தைத் திரும்பக் கேட்பது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். என் புகாருக்குச் சென்ற வாரம் நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. இன்ஜின் மாற்றியமைக்கப்பட்ட வாகனம் என்பதால் வாரண்டி பொருந்தாதாம். மூன்று தடவை படித்தேன். மாற்றியமைக்காத காருக்கு உங்கள் கருவியை யார் வாங்கப் போகிறார்கள்? உங்கள் விளம்பரத்தின் முதல் வரியே “டியூன் செய்த டர்போ கார்களுக்காக” என்பதுதான். குடை வாங்கினால் மழையில் நனைந்த குடைக்கு வாரண்டி கிடையாது என்கிற கதையாக இருக்கிறது இது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உங்கள் ஒர்க்‌ஷாப் ஆட்கள் உங்களுக்கு என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது.

என்னுடையது ஃபியட் லீனியா டி-ஜெட். 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல், முன்சக்கர இழுவை. கம்பெனியிலிருந்து வரும்போது 114 குதிரைத்திறன், 207 நியூட்டன் மீட்டர் டார்க். அந்த டார்க் (சுழற்றும் விசை) நிமிடத்துக்கு 2,200 சுற்றிலேயே வந்துவிடும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ் உண்டு, டிராக்‌ஷன் கண்ட்ரோல் கிடையாது. ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது), பெரிய இன்டர்கூலர், புது எக்ஸாஸ்ட் எல்லாம் செய்தபிறகு சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தில் 156 குதிரைத்திறன் காட்டியது. செட்டிபாளையம் காரி ஸ்பீட்வேயில் டிராக் நாள் வரும்போது ஓட்டுவதற்குத்தான் இந்த வேலையெல்லாம். வளைவிலிருந்து வெளியே வந்து இரண்டாவது கியரில் மிதித்தால், டர்போ விழித்ததும் முன்சக்கரங்கள் இரண்டும் தரைப் பிடிப்பை விட்டுவிட்டுச் சும்மா சுழலும். ஸ்டியரிங் கையில் இருந்தும் வண்டி நேராகத்தான் போகும். கொஞ்சம் தூறல் விழுந்தால் கேட்கவே வேண்டாம்.

அதற்காகத்தான் உங்களிடம் வந்தேன். “இதை மாட்டிவிட்டால் எல்.எஸ்.டி டிஃபரன்ஷியலே தேவையில்லை சார்” என்று உங்கள் விற்பனையாளர் சொன்னார். எல்.எஸ்.டி என்பது ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல், சக்தியை அடுத்த சக்கரத்துக்கும் அனுப்பும் டிஃபரன்ஷியல். அவர் சொன்னதை அப்போதே நான் நம்பவில்லை. சாதாரண டிஃபரன்ஷியலில் வளைவின் உள்பக்கச் சக்கரம் லேசாகி முதலில் சுழலும். இன்ஜினின் சக்தியைக் குறைக்கும் கருவி அந்தச் சுழற்சியை அடக்குமே தவிர, வெளிப்பக்கச் சக்கரத்துக்குக் கூடுதல் சக்தியை அனுப்பாது. சரி, விற்கிறவர் அப்படித்தான் பேசுவார் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் உங்கள் ஆர்டர் படிவம். அதில் 22 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் எழுதினேன். வீல் சென்சார் எந்த வகை? ஆக்டிவ். முன் டயர் அளவு? 205/50 ஆர்16. பின் டயர் அளவு? 205/55 ஆர்16. எந்த முறையில் சக்தியைக் குறைக்க வேண்டும்? ஃபியூயல் கட், அதாவது பெட்ரோலை நிறுத்துவது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் இருக்கிறதா? இருக்கிறது. இந்த ஐந்து பதில்களில் ஒன்றைக்கூட உங்கள் ஒர்க்‌ஷாப்பில் யாரும் படிக்கவில்லை. நான் இப்போது இருக்கும் நிலைக்கு வேறு காரணமே இல்லை.

முதலில் சென்சார். நான் ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் வேலையில் 17 வருடமாக இருக்கிறேன். சுழல்வதை எண்ணுகிற சென்சார் எங்களுக்குத் தினசரிச் சோறு. கார்களில் இது இரண்டு வகை. பழையது காந்தமும் காயிலும் (கம்பிச்சுருளும்) சேர்ந்தது. பல் சக்கரம் சுற்றும்போது தானே ஏ.சி மின்னழுத்தத்தை உண்டாக்கும். புதியது ஆக்டிவ் வகை. அதற்கு ஏ.பி.எஸ் கம்ப்யூட்டர் மின்சாரம் கொடுக்க வேண்டும். அது 7 மில்லி ஆம்பியர், 14 மில்லி ஆம்பியர் என்று மாறி மாறி மின்னோட்டத்தைக் காட்டிப் பதில் சொல்லும். இரண்டுக்கும் இரண்டு ஒயர்தான், அதனால் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். மல்டிமீட்டரை வைத்தால் ஒரு நிமிடத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

நீங்கள் அனுப்பியது காயில் வகைக்கான கருவி. உங்கள் ஃபிட்டர் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, “பல் சக்கரம் எங்கே சார்?” என்று என்னிடமே கேட்டார். என் வண்டியில் பேரிங்கின் சீலுக்குள்ளேயே காந்த வளையம் இருக்கிறது, கண்ணுக்குப் பல் எதுவும் தெரியாது என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். கருவிக்கு சிக்னல் வரவில்லை. வராதுதான். அந்தக் கருவி, மின்னழுத்தம் பூஜ்யத்துக்கு மேலும் கீழும் போய் வருவதை எண்ணுவது. ஆக்டிவ் சென்சாரின் சிக்னல் பூஜ்யத்தின் பக்கமே வராது. உடனே அவர் ஏ.பி.எஸ் ஒயரில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்து சிக்னலை “வரவழைத்தார்”. வந்தது சிக்னல், கூடவே ஏ.பி.எஸ் விளக்கும். “நாலு நாள் ஓட்டினால் தானா அணைஞ்சிரும் சார்” என்றார். மஞ்சள் விளக்கு எரிவதைப் பார்த்தும் வண்டியை எடுத்து வந்தது என் தவறு. அதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. மதியம் சாப்பிடக்கூடப் போகாமல் வேலை பார்த்தார். பயிற்சி கொடுக்காமல், படிவத்தைக் கையில் கொடுக்காமல் அவரை என் வண்டிக்கு முன்னால் நிறுத்தியது நீங்கள்.

இரண்டாவது, டயர். உங்கள் கருவி செய்வது எளிய கணக்குதான். பின்சக்கரம் சும்மா உருள்வது, அதனால் அது வண்டியின் உண்மையான வேகம். முன்சக்கரம் அதைவிட எத்தனை சதவீதம் வேகமாகச் சுற்றுகிறதோ அதுதான் சிலிப். கொஞ்சம் சிலிப் இருந்தால்தான் டயர் நன்றாகப் பிடிக்கும். காய்ந்த தார்ச்சாலையில் பத்து சதவீதத்தை ஒட்டி பிடிப்பு உச்சத்தில் இருக்கும். அளவு தாண்டினால்தான் கருவி குறுக்கே வர வேண்டும். என் முன் டயரின் விட்டம் ஏறக்குறைய 611 மில்லிமீட்டர், பின் டயருடையது 632. ஆக, வண்டி நேர்கோட்டில் கோயில் தேர் மாதிரி போனாலும் பின்சக்கரம் 100 சுற்று சுற்றும்போது முன்சக்கரம் 103-க்கு மேல் சுற்றியிருக்கும். இந்த வித்தியாசத்தைக் கருவிக்குச் சொல்லிக் கொடுக்க, சமதளத்தில் ஒரே வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று உங்கள் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. யாரும் அமுக்கவில்லை. சிலிப் வரம்பை 5 சதவீதத்தில் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். அதில் மூன்றேகால் சதவீதத்தை டயர் அளவே தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றேமுக்கால்.

இது வெறும் எரிச்சலோடு போயிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். வண்டியை எடுத்து வந்த மூன்றாம் நாள் பாலக்காடு ரோட்டில் ஒரு டிப்பர் லாரியை முந்தினேன். எதிரே வெகு தூரத்தில் ஒரு பேருந்து வந்துகொண்டிருந்தது, நேரம் தாராளமாக இருந்தது. லாரியின் பின்சக்கரத்துக்கு இணையாக வந்தபோது இன்ஜின் சட்டென்று செத்துப்போனது போல ஆயிற்று. மிதித்தேன், ஒன்றுமில்லை. டுப் டுப் என்று எக்ஸாஸ்டில் வெடித்ததே தவிர வண்டி நகரவில்லை. லாரிக்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு பிரேக் பிடித்து இடம் விட்டார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. பக்கத்து சீட்டில் என் மனைவி. வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் மில்லிலிருந்து, சிக்னலைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் கொண்டுவந்து பார்த்தேன். நீங்கள் ரெசிஸ்டர் போட்டு எடுத்த பின்சக்கர சிக்னல் நடுநடுவே அறுந்து போகிறது. அறுந்தால் பின்சக்கரம் நின்றுவிட்டதாகவும் முன்சக்கரம் கன்னாபின்னாவென்று சுழல்வதாகவும் கருவி நினைத்துக்கொள்கிறது. உடனே முழுச் சக்தியையும் வெட்டிவிடுகிறது. ஒரு சென்சார் செத்தால் கருவி ஒதுங்கிக்கொண்டு வண்டியை அதன் போக்கில் விட வேண்டாமா? அப்படி ஒரு ஏற்பாடு இருப்பதாகக் கையேடு சொல்கிறது. ஆனால் பாதி உயிரோடு இருக்கிற சிக்னலைச் செத்ததாக அது எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக கன்வர்ட்டர். நான் படிவத்தில் ஃபியூயல் கட் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை நிறுத்தினால் அந்த சிலிண்டர் வெறும் காற்றை உள்ளே இழுத்து வெறும் காற்றை வெளியே விடும். யாருக்கும் கேடில்லை. ஸ்பார்க்கை நிறுத்தினால் எரியாத பெட்ரோலும் காற்றும் அப்படியே சூடான எக்ஸாஸ்டுக்குள் போய், டர்போவிலும் கன்வர்ட்டரிலும் வைத்து எரியும். பந்தயத்துக்கு மட்டும் ஓடுகிற, கன்வர்ட்டர் இல்லாத வண்டிக்கு அது சரி. வெட்டும் வேகமாக விழும். என் வண்டிக்கு அது விஷம். உங்கள் ஆட்கள் இன்ஜெக்டர் ஒயர்களைத் தொடவே இல்லை. ஸ்பார்க் கொடுக்கும் நான்கு இக்னிஷன் காயில்களின் ஒயர்களையும் வெட்டிக் கருவிக்குள் கொண்டுபோயிருக்கிறார்கள். காயில்கள் மேலேயே கண்ணெதிரே இருக்கின்றன, இன்ஜெக்டருக்குப் போக நாலு குழாயைக் கழற்ற வேண்டும் என்பதால் இப்படிச் செய்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

ஆக, தேவையே இல்லாமல் நொடிக்கு நொடி வெட்டுகிற கருவி, ஒவ்வொரு வெட்டுக்கும் பெட்ரோலைக் கன்வர்ட்டருக்குள் ஊற்றியிருக்கிறது. பத்து நாளில் வண்டிக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. 3,500 சுற்றுக்கு மேல் ஏறவில்லை. தெரிந்த மெக்கானிக்கிடம் டோ செய்து கொண்டுபோய்க் கழற்றிப் பார்த்தால், உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பகுதி மெழுகு போல உருகிப் பாதி வழியை அடைத்திருந்தது. படங்கள் இணைத்திருக்கிறேன். டர்போவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவர் சொன்னது மட்டும்தான் எனக்கு அன்றைக்குக் கிடைத்த நல்ல செய்தி.

இந்தச் சேதத்துக்கு ரீமேப்தான் காரணம் என்று உங்கள் தொலைபேசி ஆள் சொன்னார். அதே ரீமேப்போடு இந்த வண்டி இரண்டு வருடம் ஓடியிருக்கிறது. உங்களிடம் வருவதற்கு முந்தைய மாதம் எடுத்த புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இருக்கிறது. காற்று-பெட்ரோல் விகிதத்தோடு கூடிய டைனோ தாளும் இருக்கிறது. இரண்டின் நகலும் இணைப்பில். கருவியைக் கழற்றி, ஒயரிங்கைப் பழையபடி ஆக்கி, புது கன்வர்ட்டர் போட்டபிறகு அதே ரீமேப்போடு வண்டி சுகமாக ஓடுகிறது. ஏ.பி.எஸ் விளக்கும் அணைந்துவிட்டது, நாலு நாள் ஓட்டாமலே.

பணக்கணக்கு இது. கருவிக்கும் பொருத்தும் கூலிக்கும் சேர்த்து உங்களிடம் கட்டியது 71,500 ரூபாய். கன்வர்ட்டருக்கு 38,400. ஏ.பி.எஸ், காயில் ஒயர்களைச் சரிசெய்ய 6,800. டோ வண்டிக்கு 3,500. மொத்தம் 1,20,200 ரூபாய். இதற்கு மேல் ஒரு ரூபாயும் நான் கேட்கவில்லை. பாலக்காடு ரோட்டில் நடந்ததற்கு என்ன விலை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் போடவில்லை. “கருவியை மாற்றிச் சரியான மாடல் தருகிறோம், 20 சதவீதம் தள்ளுபடி” என்று இடையில் ஒருவர் சொன்னார். வேண்டாம். உங்கள் கருவி கெட்டது என்று நான் சொல்லவில்லை. சரியான சென்சாரோடு, சரியான வண்டியில், சொல்லிக் கொடுத்தபடி வைத்தால் நன்றாகவே வேலை செய்யும் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் கையால் இன்னொரு தடவை என் வண்டியைத் தொடவிட மனசு வரவில்லை.

பணத்தோடு இன்னொன்றும் வேண்டும். ஆர்டர் படிவத்தை யார் படிக்கிறார்கள், சென்சார் வகையைப் பொருத்துவதற்கு முன் யார் சோதிக்கிறார்கள் என்று எழுத்தில் பதில் வேண்டும். அதே வாரம் உங்கள் ஒர்க்‌ஷாப்பில் இன்னும் இரண்டு வண்டிகள் இதே கருவிக்காக நின்றதைப் பார்த்தேன். அவர்களைக் கூப்பிட்டு ஏ.பி.எஸ் விளக்கு எரிகிறதா என்று தயவுசெய்து கேளுங்கள். எனக்குப் பணம் தருவதற்கு முன்பே அதைச் செய்தாலும் சரிதான்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். நான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஆணையத்துக்கு அலைய எனக்கும் லீவு கிடைப்பது கஷ்டம். ஆனால் அலைவேன்.

கழற்றிய கருவி, அதன் ஒயர்கள், அந்த ரெசிஸ்டர் உட்பட எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் என் வீட்டில் இருக்கின்றன. பணம் வந்து சேர்ந்ததும் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். உருகிய கன்வர்ட்டரைத் தர மாட்டேன், அது சாட்சி. இந்த மாதம் எனக்கு இரவு ஷிஃப்ட், காலையில் தூங்குவேன். போன் செய்வதாக இருந்தால் மதியம் 2 மணிக்கு மேல் செய்யவும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீதுகள், ஆர்டர் படிவத்தின் நகல், ஆசிலோஸ்கோப் படங்கள், கன்வர்ட்டர் படங்கள், புகைச் சான்றிதழ், டைனோ தாள்.