புதுக் கூண்டு, பழைய இன்ஜின்

பழைய லாரிகளுக்கான தகுதிச் சான்று (எஃப்.சி.) குறித்த தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். வண்டியின் வயதைப் பேசிய தலையங்கம் இன்ஜினை மறந்துவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, அனுமதி பெறாமல் இன்ஜினை மாற்றியவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். பட்டறைகளில் யார் இதைக் கண்டுகொள்கிறார்கள்?

நாமக்கல்லில் புதுக் கூண்டும் (பாடி) பளபளக்கும் பெயின்டுமாக நின்ற பழைய பத்துச் சக்கர லாரி ஒன்றை நம்பி வாங்கினேன். எஃப்.சி.க்குப் போனபோதுதான் தெரிந்தது, பதிவுச் சான்றான ஆர்.சி.யில் இருப்பது வேறு இன்ஜின் எண். விற்றவர் கைவிரித்தார், வண்டி இரண்டு மாதம் ஷெட்டில் நின்றது, தவணை மட்டும் நிற்கவில்லை. பெயர் மாற்றத்தின்போதே இன்ஜின் எண்ணை நேரில் சரிபார்த்து, இன்ஜின் தயாரான ஆண்டையும் ஆர்.சி.யில் குறிப்பிடப் போக்குவரத்துத் துறை உத்தரவிட வேண்டும்.

- லாரி உரிமையாளர் ஒருவர், சங்ககிரி