செயலாளரின் ஆண்டறிக்கை: கட்டம் போட்டுத் தேடிய முதல் ஆண்டு

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, அங்கத்தவர்களே,

சென்ற பொதுக்கூட்டத்தில் என்னிடம் ஒப்படைத்த பொறுப்பின்படி இவ்வாண்டு அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். மண்ணில் புதைந்த உலோகத்தைக் காட்டும் டிடெக்ரர் கருவியால் எங்கள் கழகம் பழங்காசு தேடும் காணி எந்த ஊரில் இருக்கிறது என்று இதில் எழுதவில்லை. இங்கிலாந்தின் எசெக்ஸ் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அறிக்கை கைமாறிப் போகும். இரவில் கள்ளமாக வந்து தோண்டுகிறவர்களுக்கு ஊர்ப் பெயரே போதும்.

பொங்கல் ஒன்றுகூடல் வழமைபோல் நடந்தது. பிரித்தானிய அருங்காட்சியகத்தின் 68ஆம் அறையிலுள்ள நாணயக் கூடத்தைப் பார்த்து வந்தோம். கோடைச் சுற்றுலா மழையால் கைவிடப்பட்டது. நிர்வாகக் குழு கூட வேண்டிய வேளைகளில் கூடியது, எல்லாக் கூட்டத்திலும் எல்லோரும் இருக்கவில்லை.

இனி இவ்வாண்டின் முக்கிய வேலைக்கு வருகிறேன்.

எங்கள் காணியின் மேற்குப் பக்கம் ஏறத்தாழ 4 ஹெக்ரேயர். ரோமர் காலச் செப்புக் காசுகளும், 8ஆம் நூற்றாண்டின் சின்ன வெள்ளிக் காசுகளும், இடைக்காலப் பென்னிகளும் ஒரே வயலில் கிடைப்பது எல்லாருக்கும் வாய்க்காது. நோர்ஃபோக்கில் போசி, எசெக்ஸில் டில்பரி, யோர்க்ஷயரில் கொட்டம் போன்ற இடங்கள் பழைய காலச் சந்தைகளாகவோ பெரிய குடியிருப்புகளாகவோ இருந்தன என்பது டிடெக்ரர்காரர்கள் எடுத்த காசுகளால்தான் வெளிச்சத்துக்கு வந்தது. சஃபோக்கில் ரெண்டில்ஷாமில் கள்ளத் தோண்டல் தொல்லை தாங்காமல் காணி உரிமையாளர் தொல்லியலாளர்களை அழைத்தார். தேர்ந்த சில டிடெக்ரர்காரர்கள் 2008 முதல் 2014 வரை வரிசை வரிசையாகத் தேடி, எடுத்த ஒவ்வொன்றின் இடத்தையும் குறித்தார்கள். கிழக்கு அங்கிலியா அரசர்களின் இருப்பிடம் அங்கே இருந்ததாக 8ஆம் நூற்றாண்டில் துறவி பீட் எழுதிவைத்ததற்கு அதன் பிறகுதான் மண்ணிலிருந்து சான்று கிடைத்தது. இடம் குறிக்காத காசு அழகான காசு மட்டும்தான். அந்த வயலைப் பற்றி அது எதையும் சொல்லாது.

ஆகவே இவ்வாண்டு மேற்கு வயலை 20 மீற்றருக்கு 20 மீற்றராக 100 கட்டங்களாகப் பிரித்தோம். மூங்கில் தடி, நைலோன் கயிறு, கட்ட இலக்கம் எழுதிய சிறு கொடி, இவ்வளவுதான் செலவு. ஒவ்வொரு கட்டத்தையும் முதலில் வடக்குத் தெற்காக நடக்க வேண்டும், பின்னர் அதே கட்டத்தைக் கிழக்கு மேற்காக. இரண்டாவது நடை வீண்வேலை என்று சிலர் சொன்னார்கள். காரணம் சொல்லிவிடுகிறேன். இந்த மண்ணில் ரோமர் காலக் கூரை ஆணிகள் ஏராளம். காசுக்குப் பக்கத்தில் ஆணி கிடந்தால், கருவியின் அடியிலுள்ள தேடுவளையமான கொயில் ஆணியின் நீளப்போக்கில் கடக்கும்போது இரும்பு ஒலி காசின் ஒலியை விழுங்கிவிடும். குறுக்கே கடக்கும்போது இரண்டும் பிரிந்து கேட்கும். செங்குத்தாக நிற்கும் காசும் அப்படித்தான், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பேசும். முதல் நடையில் வெறுமையாக இருந்த கட்டங்கள் குறுக்கு நடையில் காசு கொடுத்தன.

கருவி அமைப்பு பற்றியும் எழுதச் சொன்னார்கள். எங்களில் பலரிடம் இருப்பது மைன்லாப் எக்குவினொக்ஸ் 800 என்ற டிடெக்ரர். ஆணி அடர்ந்த கட்டங்களில் 11 அங்குலக் கொயிலைக் கழற்றி 6 அங்குலக் கொயிலைப் பூட்டுங்கள். ஆழம் குறையும், ஆனால் ஒரே நேரத்தில் கொயிலின் கீழ் வரும் ஆணிகளும் குறையும். மீட்பு வேகத்தை, அதாவது ஓர் ஒலிக்குப் பின் அடுத்ததற்குக் கருவி தயாராகும் வேகத்தை, 6 அல்லது 7இல் வையுங்கள். உணர்திறனை 25 வரை ஏற்றினால் ஆழமாகப் பார்க்கும் என்ற எண்ணம் இந்த மண்ணில் பலிக்காது, இரைச்சல்தான் கூடும்; 18 முதல் 20 போதும். மின்கம்பி போகும் வடக்கு ஓரத்தில் ஒவ்வொரு முறையும் இரைச்சல் நீக்கத்தை மறுபடி ஓட்டுங்கள். கொயில் மண்ணை உரசும் உயரத்தில், மட்டமாக, ஒவ்வொரு வீச்சும் முந்தியதன் பாதியை மூடும்படி போக வேண்டும். வீச்சின் இரு முனையிலும் கொயிலைத் தூக்குகிறவர்கள் அந்த இடங்களைத் தேடவில்லை என்றே கணக்கு.

கருவியின் திரையில் தெரியும் எண்ணைப் பார்த்து மட்டும் தோண்டுகிறவர்களுக்கு இன்னொன்று. இரும்பு சுழியத்துக்குக் கீழே காட்டும், பெரிய செப்புப் பென்னி உயர்ந்த எண் காட்டும், அது சரி. ஆனால் மெல்லிய வெள்ளி, சிகரெட் பெட்டி ஈயத்தாள் காட்டும் தாழ்ந்த எண்களில்தான் வரும். ஈயத்தாள் வேண்டாமென்று அந்த எண்களை அடைத்துவிட்டால் கால்காசுகள் ஒன்றுகூட வராது. 1279க்கு முன் இங்கிலாந்தில் வட்டமான அரைப் பென்னி, கால் பென்னி வழக்கத்தில் இல்லை. பென்னியின் பின்பக்கச் சிலுவைக் கோட்டின் வழியே கத்தரித்து இரண்டாகவோ நான்காகவோ ஆக்கிச் சில்லறையாக்கினார்கள். முழுப் பென்னி 1.4 கிராம் அளவில் இருக்கும், கால்துண்டு அதில் நாலில் ஒன்று. சுண்டுவிரல் நகத்தளவுத் தகடு, ஈரமண்ணோடு சேர்த்துக் கையில் பிடித்தாலும் தெரியாது. தோண்டிய கிடங்கிலிருந்து எடுத்த மண்ணைத் துணியில் போட்டுக் கைக்கு அடங்கும் சிறு டிடெக்ரரால் தேடச் சொல்வது இதற்காகத்தான். 8ஆம் நூற்றாண்டின் வெள்ளிக் காசும் 12 மில்லிமீற்றர் அகலந்தான்.

ஒவ்வொரு பொருளும் தனித்தனிச் சிறு பையில், கட்ட இலக்கம், பிரித்தானிய நிலப்படங்களில் இடத்தைக் காட்டும் பத்து இலக்கத் தேசியக் கட்ட எண், ஆழம் எழுதிய துண்டோடு வரவேண்டும். ஆறு இலக்க எண் 100 மீற்றர்ச் சதுரத்தையே காட்டும், எட்டு இலக்கம் 10 மீற்றர், பத்து இலக்கம் 1 மீற்றர். கைத்தொலைபேசிச் செயலியே அதைக் காட்டும்போது எழுதாமல் விடுவதற்குக் காரணம் எனக்குப் புரியவில்லை. ஆணிகளையும் எண்ணச் சொன்னேன். ஆணி குவிந்த கட்டங்கள் கட்டடம் இருந்த இடம், ஆணி இல்லாமல் காசு மட்டும் வரும் கட்டங்கள் பாதை அல்லது சந்தை நடந்த திறந்தவெளியாக இருக்கலாம். தென்கிழக்கு மூலையில் இந்த வேறுபாடு இப்போதே வரைபடத்தில் தெரிகிறது.

அந்த மூலையில் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை 4ஆம் நூற்றாண்டுச் சின்னச் செப்புகள். ‘குளோரியா எக்ஸெர்கிட்டுஸ்’ (படையின் புகழ்) என்று எழுதிய வகை அதிகம். உருப்பெருக்கியில் பாருங்கள்: ஈட்டியும் கேடயமும் ஏந்திய இரண்டு படைவீரர், நடுவில் படைக்கொடிகள். கொடி இரண்டு இருந்தால் கி.பி. 330க்கும் 335க்கும் இடையில் அடித்தது. ஒன்றே ஒன்று இருந்தால் 335க்குப் பின், காசும் சிறுத்துவிடும். அடியில் ‘ரிஆர்’ (TR) என்ற எழுத்துகள் தெரிந்தால் இன்றைய ஜெர்மனியிலுள்ள ட்ரியர் நகர அச்சுசாலை. இப்படி இடமும் காலமும் சேர்ந்து பதிவானவற்றை பொதுமக்கள் கண்டெடுக்கும் தொல்பொருட்களைப் பதிவு செய்யும் மாவட்டக் கண்டெடுப்பு இணைப்பு அலுவலரிடம் ஒப்படைத்தோம். அவை தேசியப் பதிவுத் தளத்தில் ஏறுகின்றன. யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலும் ரோமர் காசுகள் கிடைத்திருக்கின்றன என்பது நினைவுக்கு வரும்போது இந்த வேலையில் ஒரு தனி நிறைவு இருக்கிறது.

அதைச் சொன்னவுடன் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கருவியைக் கொண்டுபோகலாமா என்று கேட்டார்கள். வேண்டாம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி இலங்கையில் தொல்லியல் திணைக்கள அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம்.

கழுவுவது பற்றி: குத்துவிளக்குப்போல் புளி போட்டுத் தேய்த்த ரோமர் காசுகள் இவ்வாண்டு இரண்டு மூன்று வந்தன. எழுத்தும் உருவமும் நிற்பது அந்தப் பச்சைப் படலத்தில்தான். புளியின் அமிலம் படலத்தைத் தின்றுவிட்டால் மிஞ்சுவது குழிவிழுந்த தகடு. காயவிட்டு, மரக்குச்சியால் தளர்ந்த மண்ணை மட்டும் தட்டி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு பேணியில் வையுங்கள். வெளிர்பச்சை மாவு பூத்த காசை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து அலுவலரிடம் காட்டுங்கள்.

இப்போது சொல்லியே ஆகவேண்டிய விடயம். 37ஆம் கட்டத்தில் மூன்றாம் ஹென்றி காலப் பென்னி ஒன்று கிடைத்தது. கிட்டத்தில் அதேபோல் இன்னொன்றை வேறோர் அங்கத்தவர் அறுவடை முடிந்த கையோடு எடுத்திருந்தார் என்பது பிறகுதான் தெரியவந்தது. 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து வீதத்துக்குக் குறையாத தங்கமோ வெள்ளியோ உள்ள, 300 ஆண்டுக்கு மேற்பட்ட காசுகள் ஒரே கண்டெடுப்பில் இரண்டு இருந்தாலே அது புதையல். 14 நாட்களுக்குள் மரண விசாரணை அதிகாரிக்கு (புதையலை விசாரிப்பவரும் அவர்தான்) அறிவிக்க வேண்டும். உழவால் சிதறினாலும் ஒரே கண்டெடுப்பாகக் கொள்ளப்படலாம். இங்கே அலுவலர் கேட்ட முதல் கேள்வி, இரண்டுக்கும் இடையே எத்தனை மீற்றர்? பதில் இல்லை. அறுவடையோடு எடுத்த காசுக்கு இடம் குறிக்கவில்லை. இரண்டையும் அறிவித்துவிட்டோம், முடிவு வரவில்லை. அந்த அங்கத்தவர் வேண்டுமென்று மறைக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். ஆனால் துண்டு எழுதுவது செயலாளரின் பிடிவாதம் என்று நினைத்தவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

உழவு மண்ணுக்குக் கீழே, ஏறத்தாழ 25 முதல் 30 சென்ரிமீற்றருக்குப் பிறகும் ஒலி தொடர்ந்தால் தோண்டுவதை நிறுத்துங்கள். 1992இல் சஃபோக்கின் ஹொக்ஸ்னில் எரிக் லோஸ், தொலைந்த சுத்தியல் ஒன்றைத் தேடப்போய்த் தங்கக் காசுகளைக் கண்டார். முழுவதையும் தோண்டி எடுக்காமல் தகவல் கொடுத்தார். அடுத்த நாள் தொல்லியலாளர்கள் எடுத்தபடியால்தான் 14,000க்கு மேற்பட்ட காசுகள் எப்படிப் பெட்டியில் அடுக்கப்பட்டிருந்தன என்பதுவரை இன்று தெரிகிறது.

வரவைப் பற்றி. அறுவடை முடிந்த முதல் ஞாயிறு கார் நிறுத்த இடமில்லாத அளவுக்குக் கூட்டம். நவம்பரில், மண் பதமாக நனைந்து ஒலி நன்றாகப் பிடிக்கும் நாட்களில், கட்டம் நடக்க ஒரு சிலர்தான் வந்தார்கள். 100 கட்டங்களில் பாதிகூட இரு திசையிலும் முடியவில்லை. விதைப்பு நெருங்கியதும் வயலை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. கிழக்கு வயலைக் கேட்கிறவர்களுக்கு: அங்கே நகரக் குப்பையில் செய்த பசளை கொட்டியிருக்கிறது. அரைபட்ட அலுமினியத் துணுக்குகளுக்குள் எந்தக் காசையும் தேட முடியாது. எங்களுக்கு இருப்பது மேற்கு வயல் ஒன்றுதான்.

அதனால்தான் கிடங்கு மூடாமல் போவதை என்னால் லேசாக விட முடியாது. காணி உரிமையாளர் இருமுறை தொலைபேசியில் பேசினார், ஒருமுறை படலை திறந்து கிடந்ததற்காக. தேவாலயக் கோபுரம் பின்னணியில் தெரிய எடுத்த படம் ஒன்று வட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. அடுத்த வாரமே வயலோரத்தில் நாங்கள் வெட்டாத கிடங்குகள் காணப்பட்டன. படம் எடுங்கள், உள்ளங்கையையும் காசையும் மட்டும் எடுங்கள்.

வரவு செலவு பொருளாளரின் அறிக்கையில் இருக்கிறது. கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு, ஆனால் கடன் இல்லை. பைகள், கொடிகள், சிலிக்கா ஜெல், காணி உரிமையாளருக்கு நத்தார்ப் பரிசு ஆகியவை வழமையான செலவுகள். குறைவுக்குக் காரணம் சந்தா நிலுவை. இடாப்பில் உள்ளவர்களில் கணிசமானோர் இவ்வாண்டுச் சந்தா கட்டவில்லை, சிலருடையது அதற்கு முந்திய ஆண்டுக்கும் சேர்த்து. பெயர்களை வாசிக்கப்போவதில்லை. டிடெக்ரர்காரர்களின் தேசிய அமைப்பு தரும் பொதுப் பொறுப்புக் காப்புறுதி சந்தாவோடுதான் வருகிறது, அது இல்லாதவர் ஒருவர் வயலில் நின்று ஏதாவது நடந்தால் அன்றோடு எல்லோருடைய அனுமதியும் போய்விடும். ஆகவே வரும் பருவம் முதல் சந்தா கட்டாதவர் படலையைத் தாண்ட இயலாது என்ற தீர்மானத்தை இன்று கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

தலைவர், பொருளாளர், நிர்வாகக் குழுவினர், காணி உரிமையாளர் குடும்பத்தினர், தேநீரும் வடையும் கொண்டுவந்த அக்காமார் எல்லோருக்கும் கழகத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். கயிறு கட்டுவது, துண்டுகளைக் கணினியில் ஏற்றுவது, அலுவலரிடம் கொண்டுபோய்க் கொடுத்து வாங்குவது ஆகியவற்றை ஒருவர் தலையில் விட்டால் மிச்சக் கட்டங்கள் முடியாது. கணினியில் ஏற்ற ஒருவரும், கட்டத்துக்கு இருவராக நடக்க ஆட்களும் கிடைத்தால் இந்தப் பொறுப்பில் தொடர எனக்குத் தடையில்லை. கிடைக்காவிட்டால் கூட்டம் வேறொருவரைத் தெரிவு செய்யலாம், வரைபடமும் தாள்களும் ஒழுங்காகக் கையளிக்கப்படும். தென்கிழக்கு மூலையை அரைகுறையாக விட்டுப்போக மட்டும் மனம் வரவில்லை.

முடியாத கட்டங்களின் பட்டியல் வாசல் மேசையில் இருக்கிறது. ஒகஸ்ட் அறுவடைக்கு முன் விரும்பிய கட்டத்துக்கு நேரே பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி, நிலுவைச் சந்தாவைப் பொருளாளரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

செயலாளர்