‘மயக்க மருந்து அலர்ஜி’ என்றால் எந்த மருந்து?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அறுவை அரங்கில் ரத்த அழுத்தம் சரிந்து, உயிர் தப்பிப் பிழைத்தவரின் டிஸ்சார்ஜ் சம்மரியில் பல நேரம் ஒரே வரிதான்: ‘மயக்க மருந்து அலர்ஜி’. அடுத்து மயக்கம் கொடுக்க வேண்டியவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. சில நிமிடங்களுக்குள் ஏழெட்டு மருந்துகள் ஏறுகின்றனவே, அதில் எது?

தூங்கவைக்கும் மருந்து குற்றவாளியாவது அபூர்வம். அறுவை அரங்க ஒவ்வாமை பற்றி பிரிட்டனில் 2018-ல் வெளியான தேசிய ஆய்வில் முதலிடம் ஆன்டிபயாட்டிக்குகளுக்கு, அடுத்து ரோகுரோனியம், சக்சமெத்தோனியம் போன்ற தசைத் தளர்த்திகள், பிறகு குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி. இந்தக் கடைசி ஆள் பெரும்பாலும் கண்ணில் படுவதே இல்லை. தோலைத் துடைக்கும் திரவத்தில் மட்டுமா, சிறுநீர்க் குழாய்க்குத் தடவும் சில ஜெல்லிலும், பெரிய ரத்தநாளத்தில் செருகும் குழாய்களான சென்ட்ரல் லைன்கள் சிலவற்றின் பூச்சிலும் இருக்கிறது.

ஒவ்வாமைதான் என்று உறுதிசெய்ய, தோலில் தடிப்பு வரட்டும் என்று காத்திருப்பது இன்னொரு தவறு. உடம்பு துணிக்கு அடியில் இருக்கிறது. அழுத்தம் விழுந்துகிடக்கும்போது தோலுக்கு ரத்தமும் போவதில்லை. இதற்கான முதல் மருந்தான அட்ரினலின் கொடுத்து அழுத்தம் ஏறிய பிறகே தோல் சிவப்பதும் உண்டு.

பெரியவர்களுக்கு நரம்பில் 50 மைக்ரோகிராம் அட்ரினலின்: 10,000-க்கு 1 கரைசலில் அரை மில்லி. 1,000-க்கு 1 ஆம்பூலை நீர்க்காமல் அதே அரை மில்லி ஏற்றினால் பத்து மடங்காகிவிடும். அந்த அளவு தசை ஊசிக்கு மட்டுமே. கூடவே சலைன் வேகமாக ஓட வேண்டும். சிஸ்டாலிக் (ரத்த அழுத்தத்தின் மேல் எண்) 50-க்குக் கீழே போனால் நாடி தெரிந்தாலும் நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். ஸ்டீராய்டைத் தேடி ஓடுவது அப்புறம்.

நிலைமை சீரானதும் டிரிப்டேஸ் (ஒவ்வாமையின்போது ரத்தத்தில் கூடும் நொதி) பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க வேண்டும். ஒவ்வாமை தொடங்கி ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது, 4 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. 24 மணி நேரம் கழித்து இன்னொரு மாதிரி. பின்னதை 1.2-ஆல் பெருக்கி 2 கூட்டுங்கள்; முதல் அளவு அதைத் தாண்டினால் ஒவ்வாமைக்கு வலுவான சான்று. தாண்டாவிட்டாலும் ஒவ்வாமை இல்லை என்று முடிவுகட்ட முடியாது. தோல் பரிசோதனையை 4 முதல் 6 வாரம் கழித்துச் செய்வதே வழக்கம்.

அந்தப் பரிசோதனைக்குப் போகும்போது கையில் அனஸ்தீசியா சார்ட் (மயக்கம் கொடுத்தபோது எழுதிய பதிவு) நகல் இல்லையென்றால் எதைச் சோதிப்பது? ஒவ்வொரு மருந்தும் ஏறிய நேரம், அழுத்தம் விழுந்த நேரம், துடைத்த திரவம், தடவிய ஜெல் எல்லாம் அதில் இருக்க வேண்டும். மருத்துவமனைகள் கேட்காமலே தர வேண்டும். தராவிட்டால் டிஸ்சார்ஜுக்கு முன் குடும்பத்தார் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

– மயக்கவியல் மருத்துவர்கள் சிலர்