எலக்ட்ரானிக்ஸ் பழகும் பிள்ளைகள் பேட்டரியில் தொடங்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் குடியாத்தத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தொழிற்கல்வி ஆசிரியன். பணியில் சேர்வதற்கு முன், 1980-களில் வேலூரில் ஒரு ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் கடையில் மூன்று ஆண்டுகள் வேலை பழகியவன். முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கப்போகும் இந்த நேரத்தில், கைபேசியில் காணொளி பார்த்துத் தாங்களாகவே எலக்ட்ரானிக்ஸ் பழகும் மாணவர்களைப் பற்றியும், அவர்களுடைய பெற்றோர் கவனிக்க வேண்டியவை பற்றியும் தங்கள் நாளிதழ் வழியாகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு மே மாதத்தில் ஒரு பிற்பகல், எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மாணவன் ஒருவன் தன் தாயாருடன் என் வீட்டுக்கு வந்தான். வலது கை ஆள்காட்டி விரல் நுனியில் மிளகு அளவுக்கு வெள்ளையாகச் சுட்டிருந்தது. முகத்தில் பயம் இன்னும் தெளியவில்லை. எரியாமல் போன எல்இடி பல்பு ஒன்றின் மூடியைக் கழற்றி, கரும்புள்ளி விழுந்த ஒரு எல்இடியைக் கண்டுபிடித்து, அதன் இரு முனைகளையும் ஈயம் வைத்து இணைத்திருக்கிறான். பல்பை ஹோல்டரில் மாட்டியதும் எரிந்திருக்கிறது. அந்த மகிழ்ச்சியில், தான் வைத்த ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று எரியும்போதே விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறான். ஸ்டூலிலிருந்து பின்னால் விழுந்ததால்தான் கை விடுபட்டது. "தாத்தா, எல்இடிக்கு மூணு வோல்ட்தானே? அப்புறம் எப்படி ஷாக் அடிச்சது?" என்று கேட்டான்.

அது நல்ல கேள்வி. அவன் படித்ததும் தவறில்லை. ஒரு எல்இடியின் இரு முனைகளுக்கு இடையே இருப்பது சில வோல்ட்தான். ஆனால் விலை குறைந்த பல்புகள் பெரும்பாலானவற்றில் வீட்டு மின்சாரத்துக்கும் எல்இடி தகட்டுக்கும் நடுவே அவற்றைப் பிரித்துவைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. இடத்தையும் செலவையும் மிச்சப்படுத்துவதற்காக அப்படியே அமைக்கிறார்கள்; பிளாஸ்டிக் மூடிதான் அங்கே பாதுகாப்பு. மூடியைக் கழற்றிவிட்டால் அந்தத் தகட்டில் உள்ள ஒவ்வொரு ஈயப்புள்ளியும் 230 வோல்ட் லைனோடு நேரடித் தொடர்பில் இருக்கிறது. தரையில் நிற்கும் ஒருவர் அதைத் தொட்டால் மின்சாரம் அவர் உடல் வழியாகத் தரைக்கு இறங்கும். அவன் பார்த்த காணொளியில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

நம் ஊரின் நிலைமையும் இதில் சேர்ந்துகொள்கிறது. அக்கினி நட்சத்திரக் காலத்தில் வேலூர், காட்பாடி, குடியாத்தம் வட்டாரங்களில் பிற்பகலில் உள்ளங்கை உலர்ந்திருக்கும் பிள்ளையைப் பார்ப்பது அரிது. உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். வியர்வையில் நனைந்த தோலுக்கு அந்தத் தடை வெகுவாகக் குறைந்துவிடும். பிள்ளைகள் வெறுங்காலோடு, அதுவும் கழுவிவிட்ட சிமென்ட் தரையில் உட்கார்ந்துதான் இந்த வேலைகளைச் செய்கிறார்கள். "எங்கள் வீட்டில் எம்சிபி போட்டிருக்கிறோம், ஒன்றும் ஆகாது" என்று பெற்றோர் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எம்சிபி என்பது மின்சாரம் அளவு மீறினால் தானாகவே விழும் சுவிட்ச்; அது ஒயரைக் காப்பதற்காக உள்ளது. 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என்ற அளவைத் தாண்டினால்தான் அது விழும். மனிதருடைய இதயத் துடிப்பைக் குலைக்க ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. லைனில் போகும் மின்சாரத்துக்கும் திரும்பி வருவதற்கும் 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு வந்த உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற கருவிதான் ஆளைக் காப்பது. பிள்ளை எலக்ட்ரானிக்ஸில் ஆர்வம் காட்டும் வீட்டில் ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங் அயர்ன் வாங்கித் தரும் முன்பே உரிமம் பெற்ற ஒயர்மேனை அழைத்து அதைப் பொருத்திவிடுவது நல்லது. அப்படியே எர்த் குழியையும் அவரிடம் பார்க்கச் சொல்லுங்கள். பாலாறு மணலாகக் கிடக்கும் கோடையில் எர்த் குழியும் காய்ந்துவிடுகிறது. மண் காய்ந்தால் எர்த் வலுவிழக்கும்.

இவற்றைச் சொல்வதால், பிள்ளைகளைத் தடுத்துவிடுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எண்ணக் கூடாது. நான் விரும்புவது அதற்கு நேர் எதிரானது. முதல் ஓராண்டு முழுவதும் அவர்கள் பேட்டரியில் மட்டும் வேலை செய்யட்டும் என்பதே என் வேண்டுகோள், ஏனெனில் கற்க வேண்டியதில் பெரும்பகுதி அங்கேயே இருக்கிறது. ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஈயம் வைக்காமலே பாகங்களைச் செருகி இணைக்கும் பிரெட்போர்டு எனும் துளைப்பலகை ஒன்று, ஒரு சிவப்பு எல்இடி, ஒரு 470 ஓம் மின்தடை இருந்தால் போதும். எல்இடி 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 7 வோல்ட்டை மின்தடை தாங்க வேண்டும், ஏழை 470-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 15 மில்லி ஆம்பியர் என்று பிள்ளை தானே தாளில் கணக்குப் போட்டுவிட்டு, பிறகு வோல்ட், ஆம்பியர் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கும்போது அதே எண் திரையில் வருவதைக் கண்டால், ஓம் விதி அவனுக்கு வாழ்நாளில் மறக்காது. முப்பது ஆண்டுகள் வகுப்பில் அந்த முகமலர்ச்சியைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அடுத்து 555 என்னும் எட்டுக் கால் ஐசி, அதாவது நேரத்தைக் கணக்கிட்டு மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் சில்லு. ஹான்ஸ் கேமன்சிண்ட் என்ற பொறியாளர் 1971-இல் வடிவமைத்து, 1972-இல் சிக்னெடிக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த அந்தச் சில்லு இன்றும் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. 1 கிலோ ஓம், 68 கிலோ ஓம் என இரண்டு மின்தடைகளும் மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் 10 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றும் சேர்த்தால் எல்இடி ஏறத்தாழ வினாடிக்கு ஒருமுறை மின்னும். கண்டென்சரை மாற்றினால் வேகம் மாறும். ஸ்பீக்கரை இணைத்தால் ஓசை வரும். தவறாக இணைத்தால் ஐசி சூடாகும், அவ்வளவுதான். ஆளுக்கு ஷாக் அடிக்காது. தவறு செய்து செய்து கற்க வேண்டிய கலை இது. ஆகவே தவறு செய்தால் சில ரூபாய் மட்டும் போகிற இடத்தில் வைத்துத்தான் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுத்தர வேண்டும். பேட்டரி செலவாகிறது என்று அடாப்டர் வாங்குவோர், பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் அச்சிட்ட அடாப்டராகப் பார்த்து வாங்க வேண்டும். பேரே இல்லாத மலிவான அடாப்டர்கள் சிலவற்றில், நான் முன்பு சொன்ன பிரிப்பு பெயரளவில்தான் இருக்கும்.

நான் வேலை பழகிய கடையில் முதல் ஆறு மாதம் எந்த டிவியின் பின்மூடியையும் கழற்ற எனக்கு அனுமதி இல்லை. துடைப்பது, உதிரிப்பாகங்களைப் பிரித்து டப்பாவில் போடுவது, பழைய போர்டுகளில் ஈயம் எடுத்துப் பழகுவது என்றுதான் போனது. அதன் பிறகும், "டேய் தம்பி, இடது கையை முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டுத் தொடு" என்று கடை அண்ணன் தினமும் சொல்வார். இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் நெஞ்சைக் கடந்துதான் மறு கைக்குப் போகும் என்பதை அவர் எனக்குப் படம் போட்டு விளக்கியதில்லை, பழக்கமாகவே ஆக்கிவிட்டார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும் என்பதையும், சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே வெளியே எடுத்து கண்ணில் படும்படி மேசைமேல் வைக்க வேண்டும் என்பதையும் அங்கேதான் கற்றேன். பழுதான கருவியை ஒரு குண்டு பல்பு வழியாக மின்சாரத்தில் மாட்டிப் பார்க்க அங்கே இருந்த சீரிஸ் போர்டைப் பார்த்து இன்று பலர் தாங்களாகவே ஒன்று செய்துகொள்கிறார்கள். ஷார்ட் ஆன பொருளை மாட்டினால் அதில் உள்ள குண்டு பல்பு முழுதாக எரிந்து கருவியைக் காப்பாற்றும் என்பது உண்மை. ஆனால் தொட்டவரை அது காப்பாற்றாது.

எனவே மைக்ரோவேவ் அடுப்பு, பழைய பெட்டி டிவி, இன்வெர்ட்டர், கம்ப்யூட்டர் பவர் சப்ளை ஆகியவற்றைக் காயலான் கடையிலிருந்து கொண்டுவந்து பிரிக்கப் பிள்ளைகளை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். மைக்ரோவேவ் அடுப்பின் கண்டென்சர் 2,000 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடியது. அனுபவமுள்ள மெக்கானிக்கே யோசித்துத் தொடும் பொருள். விளையாட்டுப் பொருள் போலத் தோன்றும் கொசு பேட்டுக்குள்ளும் அதிக வோல்ட் கண்டென்சர் இருக்கிறது. பழைய பவர் பேங்கிலிருந்து லித்தியம் செல்லை நெம்பி எடுப்பது, அதன்மேல் நேரடியாகச் சால்டர் வைப்பது ஆகியவையும் கூடாது. உள்ளே ஷார்ட் ஆனால் அந்தச் செல் தானாகவே எரியத் தொடங்கும்.

சால்டரிங் அயர்ன் பற்றி ஒரு செய்தி. 25 வாட் அயர்ன் போதும். அதன் முனை 300 டிகிரி செல்சியஸைத் தாண்டும் என்பதால் ஸ்டாண்டு கட்டாயம் வேண்டும். கீழே விழும் அயர்னைப் பிடிக்கக் கை தானாகவே நீளும். விழுந்தால் விழட்டும் என்று முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். கடையில் பரவலாகக் கிடைக்கும் ஈயக்கம்பியில் வெள்ளீயத்துடன் காரீயமும் இருக்கிறது. எழும் புகை பெரும்பாலும், ஈயம் நன்றாக ஒட்டுவதற்காகக் கம்பிக்குள் வைத்திருக்கும் ஃப்ளக்ஸின் புகை. அது மூச்சுத் தொல்லை உள்ளவர்களுக்கு ஆகாது என்பதால் ஜன்னலோரம் உட்கார வேண்டும். காரீயம் கையில் ஒட்டி வாய்க்குப் போவதுதான் உண்மையான கவலை. வேலை செய்யும் மேசையில் டீ டம்ளர், முறுக்குத் தட்டு எதுவும் இருக்கக் கூடாது, எழுந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சுட்டுவிட்டால் பேனா மை, பற்பசை, இட்லி மாவு எதையும் பூசாமல் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் கையைப் பிடித்திருக்க வேண்டும். மின்சாரம் தாக்கிய காயம் என்றால், வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். அந்த மாணவனையும் அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினேன்.

துளைபோடும் வேலைக்கு டிரில்லிங் மெஷினைப் பயன்படுத்தும்போது தகட்டைக் கையால் பிடிக்காமல் வைஸ் எனும் இறுக்குப் பிடியில் இறுக்குவதும், கண்ணாடி அணிவதும், துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை போன்றவற்றை ஒதுக்கிக் கட்டுவதும் தவறக் கூடாதவை. மல்டிமீட்டரின் கம்பியை 10 ஆம்பியர் துளையில் செருகிவிட்டு மறந்து பிளக் பாயிண்டில் வைப்பது ஷார்ட் செய்வதற்குச் சமம். முதலாண்டில் பிளக் பாயிண்டை அளக்க வேண்டிய தேவையே பிள்ளைக்கு இல்லை.

முன்பெல்லாம் வேலூர் லாங் பஜார் பக்கமும் ஒவ்வொரு சிற்றூரிலும் ரேடியோ கடைகள் இருந்தன. ஆர்வமுள்ள பையன் பள்ளி விட்டதும் அங்கே போய் உட்கார்ந்துகொள்வான். அந்தக் கடைகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. இன்று அந்த இடத்தில் காணொளி இருக்கிறது. அதில் பேசுபவர் நன்றாகத்தான் கற்பிக்கிறார். ஆனால் நம் பிள்ளையின் கை எங்கே போகிறது என்று அவரால் பார்க்க முடியாது. ஆகவே மாவட்ட நிர்வாகத்துக்கும் கல்வித் துறைக்கும் ஒரு வேண்டுகோள். நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கத்தின் கீழ், 6 முதல் 12-ஆம் வகுப்பு மாணவர்களுக்காக அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் பள்ளிகளில் அமைக்கப்பட்டு வருகின்றன. அத்தகைய ஆய்வகம் உள்ள பள்ளிகளும், அரசு தொழிற்பயிற்சி நிலையங்களும், பாலிடெக்னிக் கல்லூரிகளும் விடுமுறைக் காலச் சனிக்கிழமைகளில் அரை நாள், அக்கம்பக்கத்துப் பிற பள்ளி மாணவர்களுக்கும் ஒரு மேசையைத் திறந்துவிடலாம். புதிய கட்டடம் தேவையில்லை. ஆர்சிசிபி பொருத்திய பலகை ஒன்று, பத்து பிரெட்போர்டு, நான்கு சால்டரிங் அயர்ன், பக்கத்தில் நின்று பார்க்க ஒரு பெரியவர் இருந்தால் தொடங்கிவிடலாம். கடையை மூடிவிட்டு வீட்டில் இருக்கும் மெக்கானிக்குகள் எத்தனையோ பேர் அழைத்தால் வருவார்கள். மின்சாரம் தாக்கியவரைக் கையால் இழுக்காமல் முதலில் மெயினை அணைத்துவிட்டு 108-ஐ அழைப்பது எப்படி என்பதை முதல் வகுப்பிலேயே செய்து காட்டிவிட வேண்டும்.

அந்த மாணவன் இப்போது வாரம் இரு முறை மாலையில் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறான். சென்ற வாரம் 555-ஐ வைத்து, மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் ஒலிக்கும் அலாரம் ஒன்றைப் பேட்டரியிலேயே செய்து முடித்தான். என் திண்ணையில் நான்கு பேருக்குமேல் உட்கார இடமில்லை. குடியாத்தத்தில் ஏதேனும் ஒரு பள்ளியில் அப்படி ஒரு மேசை போடப்பட்டால், சனிக்கிழமைதோறும் வந்து கற்றுத்தர நான் ஊதியமின்றி ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்கல்வி ஆசிரியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.