அக்கா, அந்த நீலக்கோடு எங்க போச்சுன்னு பாத்துட்டேன்

பாரிஸ்
28 செப்டம்பர் 2025, ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீ, மாமா, குட்டி எல்லாரும் எப்படி இருக்கீங்க, அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லையா. நீ போன்ல கேக்குற கேள்விக்கெல்லாம் "ம்ம் நல்லாருக்கு"ன்னு ஒத்த வார்த்தையில முடிச்சுடுறேன்னு போன வாரம் திட்டுனல்ல, அதான் உக்காந்து எழுதுறேன். பிரெஞ்சு படிச்சது நீ, பீரோ கதவுக்கு உள்பக்கம் பாரிஸ் மேப்ப ஒட்டி வச்சு மெட்ரோ ஸ்டேஷன் பேரெல்லாம் கண்ண மூடிட்டு ஒப்பிச்சது நீ, கடைசில வந்து சேந்தது போன்ஜூருக்கு அர்த்தம் தெரியாத நான். அத நெனச்சா எனக்கே ஒரு மாதிரி இருக்கும். ஈபில் டவர் பத்தி எழுத மாட்டேன், அத நீ ஆயிரம் போட்டோவுல பாத்தாச்சு. ராத்திரியில மணிக்கு ஒருதடவ அஞ்சு நிமிஷம் மினுமினுங்கும், நான் அத ஹோட்டலுக்குப் பின்னாடி குப்பை கொட்டப் போறப்ப பாக்குறேன், அவ்ளோதான்.

எனக்கு இன்னும் லாண்டரில ராத்திரி ஷிப்ட்தான். முன்னாடியெல்லாம் அதுக்கு புலம்புவேன், இப்ப இல்ல, ஏன்னா ஏழு மணிக்கு விட்டு வெளிய வர்றப்போ இந்த ஊரு யாருக்கும் போஸ் குடுக்காம இருக்கும், அத அப்படியே பாக்க எனக்குக் குடுத்து வச்சிருக்கு. முதல் வாரம் என்னாச்சு தெரியுமா, நடைபாதை ஓரக்கல்லுக்கு அடியில ஒரு ஓட்டை, அதுலேர்ந்து தண்ணி குபுகுபுன்னு ரோட்டோரமா ஓடுது, நான் பைப் ஒடைஞ்சிருச்சு போலன்னு சுத்திமுத்தி பாக்குறேன், ஒருத்தரும் கண்டுக்கல. அப்புறம் பச்சை யூனிபார்ம்ல ஒருத்தர் வந்தாரு, பழைய கார்ப்பெட் துண்ட சுருட்டி கயித்தால கட்டி வச்சிருந்தாரு, அத தண்ணிக்குக் குறுக்க போட்டு காலால ஒரு தள்ளு தள்ளுனாரு, தண்ணி நல்ல புள்ளையா திரும்பி அந்தப் பக்கம் ஓடுது, பின்னாடியே பச்சை பிளாஸ்டிக் துடைப்பத்தால சிகரெட் துண்டு, காஞ்ச இலை எல்லாத்தையும் விரட்டிட்டே போறாரு. தினமும் இதேதான். அது குடிக்கிற தண்ணி இல்லையாம், சேன் நதிலேர்ந்தும் ஊர்க் கால்வாய்லேர்ந்தும் எடுத்து இதுக்குன்னே தனி பைப்ல விடுறாங்களாம். இவ்ளோ பெரிய ஊரு, கடைசில அந்த ஊரோட தண்ணிக்கு வழி சொல்றது ஒரு பழைய கார்ப்பெட் சுருள், எனக்கு இது டவர விட பிடிச்சிருக்கு, நீ சிரிச்சாலும் பரவாயில்ல.

அடுத்தது ரொட்டிக் கடை. இங்க எந்தக் கடைக்குள்ள போனாலும் முதல்ல போன்ஜூர் சொல்லணும், எனக்கு அது மரியாதைக்குச் சொல்றதுன்னுதான் தெரியும், சொல்லாட்டி வேலையே நடக்காதுன்னு தெரியாது. வந்த புதுசுல நேரா போய் அந்த நீளக் குச்சி ரொட்டிய பாத்து விரல நீட்டி "ஒன் பாகெட் ப்ளீஸ்"ன்னேன். அந்தம்மா என்னைப் பாத்து "போன்ஜூர்"னாங்க. சரியா காதுல விழல போலன்னு இன்னும் சத்தமா "ஒன் பாகெட்"ன்னேன். அவங்களும் இன்னும் சத்தமா "போன்ஜூர்". பின்னாடி கியூவுல யாரோ சிரிக்கிறாங்க, மூணாவது தடவைதான் எனக்கு பல்பு எரிஞ்சுது. இப்ப அதே அம்மா நான் வாசல்ல கால் வைக்கும்போதே நல்லா செவந்து வெந்ததா ஒண்ண உருவி எடுத்து வச்சிடுறாங்க. இங்க சிலபேரு வெளிறுன ரொட்டியா கேட்டு வாங்குறாங்க, அது பாதி வெந்த மாதிரி இருக்கும், அதுல என்ன ருசியோ எனக்குத் தெரியல.

வாங்குறப்போ சும்மா பாகெட்டுன்னு கேக்கக் கூடாதுக்கா, "த்ரதிசியோன்"னு கேக்கணும். 1993ல அதுக்குன்னே சட்டம் போட்டிருக்காங்க, மாவு, தண்ணி, உப்பு, ஈஸ்ட் இல்லன்னா புளிச்ச மாவு, கண்ட பவுடரெல்லாம் சேக்கக்கூடாது, உறைய வச்ச மாவா இருக்கக்கூடாது. கையில வாங்குனதும் காதுகிட்ட வச்சு லேசா அமுக்குனா சருகு மிதிச்ச மாதிரி மொறுமொறுன்னு சத்தம் வரும். ரொட்டியோட மூக்கு நுனிய வழியிலயே பிச்சுத் தின்னுடணும், முழு ரொட்டியோட வீடு போய்ச் சேந்த ஆளை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. இன்னொரு விஷயம், வருஷா வருஷம் இந்த ஊர்ல எந்த பாகெட் பெஸ்ட்டுன்னு போட்டி வைப்பாங்க, ஜெயிச்சவரு ஒரு வருஷம் ஜனாதிபதி மாளிகைக்கு ரொட்டி குடுக்கணும், 2023ல அத ஜெயிச்சது யாருன்னு நெனைக்கிற, தர்ஷன் செல்வராஜான்னு ஒரு இலங்கைத் தமிழர், 20ஆவது வட்டாரத்துல கடை. அன்னிக்கு தமிழ்க் கடையா இருக்குற லா ஷப்பெல் பக்கம் நம்ம ஆளுங்க மூஞ்சியெல்லாம் எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாரு!

என் ரூம் ஏழாவது மாடி, லிப்ட் கிடையாது, அந்தக் காலத்துல வேலைக்காரங்க தூங்குறதுக்குக் கட்டுனது, ஒன்பது சதுர மீட்டர், அதுக்குக் கீழ இருந்தா வாடகைக்கு விடக்கூடாதுன்னு சட்டமாம், வீட்டுக்காரர் சட்டத்த ரொம்ப மதிக்கிறவரு, ஒரு விரக்கடை கூட ஜாஸ்தி குடுக்கல. கட்டில்ல உக்காந்தே அடுப்புல பால் பொங்குறத அணைக்கலாம். தலைக்கு மேல துத்தநாகத் தகட்டுக் கூரை, ஆகஸ்ட்ல அவிஞ்சு போயிட்டேன். ஆனா மழை பேஞ்சா, அக்கா, அந்தத் தகட்டுல விழுற சத்தத்துக்கே வாடகை குடுக்கலாம். ஜன்னல்ல தலைய நீட்டுனா கண்ணுக்கெட்டுற தூரம் வரைக்கும் அதே சாம்பல் நீலக் கூரைதான், நடுநடுவுல செங்கல் கலர் புகைபோக்கி.

லீவு நாள்ல எங்க போறேன்னு கேட்டியே, லுக்சம்பூர் தோட்டத்துக்குத்தான். போய் என்ன பண்றேன்னு கேக்காத, ஒண்ணும் பண்றதில்ல. பச்சை இரும்பு நாற்காலி நூத்துக்கணக்குல சும்மா கெடக்கும், எங்க வேணா இழுத்துப் போட்டுக்கலாம், சரளைக் கல்லுல கரகரன்னு இழுத்துட்டுப் போற சத்தந்தான் அந்தத் தோட்டத்தோட சத்தம். சாஞ்சு உக்கார்ற டைப்புக்கு போட்டி ஜாஸ்தி, ஒருத்தர் எந்திரிக்கிற மாதிரி பைய எடுத்தாலே நாலு கண்ணு அங்க போகும், நானும் அதுல எக்ஸ்பர்ட் ஆயிட்டேன். 1974 வரைக்கும் இதுல உக்கார காசு வாங்கியிருக்காங்க! நடுக்குளத்துல சின்னப் பசங்க பாய்மரப் பொம்மைப் படகை குச்சியால தள்ளி விட்டு சுத்தி சுத்தி ஓடுவாங்க, கோட்டு போட்ட பெரியவங்க பக்கத்துல பேப்பர் படிப்பாங்க, யாரும் யாரையும் ஏன் சும்மா உக்காந்திருக்கன்னு கேக்க மாட்டாங்க. நான் அங்க தூங்கியும் இருக்கேன், வாயத் தொறந்துட்டு.

சேன் நதியில இந்த ஜூலைல மூணு எடத்துல பொதுஜனம் குளிக்க விட்டாங்க, 1923லேர்ந்து தடையாம். எனக்கு நீச்சல் தெரியாதுன்னு உனக்குத் தெரியும், கரையில நின்னு வேடிக்கை பாத்தேன், எல்லாரும் இடுப்புல மஞ்சள் மிதவைய கட்டிட்டு வாத்துக் கூட்டம் மாதிரி இருந்தாங்க.

சரி உன் கேள்விக்கு வர்றேன். மேப்புல சான் மார்த்தான் கால்வாய் நீலக்கோடா கீழ வந்து ரெப்புப்ளிக் தாண்டி திடீர்னு காணாம போகுது, மறுபடி பாஸ்திய் கிட்ட முளைக்குது, நடுவுல தண்ணி எங்க போச்சுன்னு கேட்டல்ல, எத்தன வருஷமா கேக்குற. இன்னிக்கு ஷிப்ட் முடிஞ்சு தூங்காம அதுக்குன்னே நடந்தேன்.

முதல்ல மேல இருக்குற ஒரு லாக்குல, அதாவது படகை ஏத்தி இறக்க ரெண்டு பக்கமும் கதவு வச்சு தண்ணிய அடைக்கிற தொட்டிகிட்ட, நின்னேன். ஒரு படகு வந்துச்சு, பின்னாடி கதவ மூடுனாங்க, தண்ணி இறங்க இறங்க படகும் லிப்ட்ல போற மாதிரி இறங்குது. முதல்ல படகுல நின்ன பாட்டி தலை எனக்கு நேரா இருந்துச்சு, கொஞ்ச நேரத்துல அவங்க தொப்பி உச்சி மட்டும்தான் தெரியுது, சுவத்துல பாசி சொட்டுது. பாலத்து மேல நின்ன எல்லாரும், ஆபீஸ் பை வச்சிருந்த ஒரு ஆளு உட்பட, வேற வேலையே இல்லாத மாதிரி பாத்துட்டிருந்தோம். இப்படி ஒன்பது லாக்காம், மொத்தம் இருபத்தஞ்சு மீட்டர் இறங்கி சேன் நதிக்குப் போகுது.

அப்புறம் அந்தப் படகு போன பக்கமே கரையோரமா நடந்தா, நீ சொன்ன மாதிரியே ஒரு எடத்துல தண்ணி முடிஞ்சு போச்சு. கறுப்பா ஒரு வாய், அதுக்குள்ள போயிடுது. 1860கள்ல, இந்த ஊரையே இடிச்சு மாத்திக் கட்டுன ஓஸ்மான்ங்கிற அதிகாரி காலத்துல, அத பள்ளமாக்கி மேல மூடி ரோடு போட்டுட்டாங்களாம், கலகக்காரங்க கால்வாய அகழி மாதிரி வச்சுத் தப்பிக்கக் கூடாதுன்னும் ஒரு கணக்காம். இப்ப மேல ரிஷார் லெனுவார் பொல்வார்னு அகல ரோடு, மரம், பெஞ்சு, பசங்க விளையாடுற எடம், பாஸ்திய் பக்கத்துல வியாழன் ஞாயிறு சந்தை. இன்னிக்கு ஞாயிறா, சந்தைக்காரங்க கூவிக் கூவி திராட்சை விக்கிறாங்க, மனுஷங்க காலுக்குக் கீழ ஆறு மாதிரி ஒண்ணு ஓடுதுன்னு யாரும் நெனச்ச மாதிரி தெரியல.

நடுவுல செடிக்கு உள்ள கம்பி போட்ட வட்டமான தொறப்பு இருக்கு, கீழ சுரங்கத்துக்கு வெளிச்சம் போறதுக்கு. நான் அதுகிட்ட குனிஞ்சு காது வச்சுட்டு நின்னேன், நாய் கூட்டிட்டு வந்த ஒருத்தர் என்னைச் சந்தேகமா பாத்தாரு, போன்ஜூர் சொன்னேன், சரியாப் போச்சு. கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் மோட்டார் சத்தம், ஈரக் காத்து, அப்புறம் கீழேர்ந்து ஒரு குழந்தை "ஓஓ"ன்னு கத்துது, எதிரொலி வருதான்னு பாக்குறதுக்கு. வந்துச்சு, மேல எனக்கே கேட்டுச்சு.

மேப்புல ரெப்புப்ளிக் தாண்டுன எடத்துலேர்ந்து பாஸ்திய் வரைக்கும் பென்சிலால புள்ளிக்கோடு போட்டுக்கோ, ரெண்டு கிலோமீட்டர்.

உன் தம்பி