தடை நாளிலும் குற்றாலம் குற்றாலம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீசன் தொடங்கிவிட்டால் உங்கள் நாளிதழில் ஒரு செய்தி தவறாமல் வந்துவிடும்: 'மெயின் அருவியில் குளிக்கத் தடை, சுற்றுலாப் பயணிகள் ஏமாற்றம்.' தென்காசியில் பிறந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்ட எனக்கு அந்த 'ஏமாற்றம்' என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் மனம் உறுத்துகிறது. எங்கள் ஊர் பஸ் நிலையத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில், கடைத்தெருவும் கோயிலும் தாண்டியதும் கண்ணெதிரே ஓர் அருவி. அதைப் பார்த்துவிட்டு ஒருவர் ஏமாற்றத்தோடு திரும்புவதா?

போன ஆண்டு ஆனி மாதம் சிவகாசியிலிருந்து என் அத்தை வந்திருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். மாற்றுச் சேலையும் துண்டும் பையில் வைத்து, விடியற்காலையிலேயே என்னைக் கிளப்பிவிட்டார். போய்ப் பார்த்தால் கயிறு கட்டி, போலீஸ்காரர்கள் நிற்கிறார்கள். பாதுகாப்பு வளைவு இருந்த இடமே தெரியாமல் அதன் மேல் தண்ணீர் கொட்டுகிறது. தண்ணீரின் நிறமும் மாறிவிட்டது, செம்மண்ணைக் கரைத்து ஊற்றியது போல. அத்தை முகம் வாடிப்போயிற்று. சரி, வந்தது வந்தோம், கொஞ்ச நேரம் நிற்போம் என்று குற்றாலநாதர் கோயில் பக்கமாக ஒதுங்கி நின்றோம்.

அன்றைக்குத்தான் அந்த அருவியை நான் முழுதாகப் பார்த்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? நாற்பது ஆண்டுகளாக அதில் குளிக்கிறேன். குளிக்கும்போது யார் அருவியைப் பார்க்கிறார்கள்! கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, கம்பியைப் பற்றிக்கொண்டு நிற்கிறோம். பின்னால் நிற்பவர் இடித்ததும் வெளியே வந்து தலையைத் துவட்டுகிறோம், சூடாக ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறோம். ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் நீர் பாறையின் நடுவே பொங்குமாங்கடல் என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, அதை நிரப்பி, பிறகு அங்கிருந்து பொங்கி வழிகிறது. அந்தப் பள்ளம் வேகத்தை வாங்கிக்கொள்வதால்தான் நம் தலை தாங்குகிறது. பெருவெள்ளத்தில் அந்தப் பள்ளத்துக்கும் கட்டுப்படாமல் தண்ணீர் எகிறிப் பாய்வதை அன்று அத்தைக்குக் கை நீட்டிக் காட்டினேன். சாரல் எங்கள்மேல் வந்துகொண்டே இருந்தது. அத்தையின் கண்ணாடியிலும் புருவ மயிரிலும் பொடிப்பொடியாக நீர்முத்துகள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார், போடுவார், மறுபடி துடைப்பார். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

தடையைக் குறை சொல்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே காட்டில் கனமழை கொட்டும். அது கீழே நிற்பவருக்குத் தெரியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று பாய்ந்த வெள்ளம் 17 வயதுப் பிள்ளை ஒருவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓடிய காட்சியைச் செல்போனில் பார்த்த நாங்கள் அன்று இரவு தூங்கவில்லை. கயிற்றைத் தாண்டப் பார்க்கும் இளைஞர்களைத் தடுத்து, அவர்களிடம் ஏச்சும் வாங்கிக்கொண்டு கொட்டும் மழையில் நிற்கிற காவலர்களுக்கு என் கைகூப்பு.

என் குறை வேறு. அருவியைப் பார்ப்பதற்கென்று, வயதானவர்கள் கால் ஓய உட்காருவதற்கென்று வசதியாக ஓர் இடம் எங்கள் கண்ணில் படவில்லை. அத்தை கடைசியில் உட்கார்ந்தது ஒரு சிப்ஸ் கடையின் படியில். வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்று கடைக்காரர் எழுப்பிவிட்டார். அவர் பிழைப்பு அவருக்கு, அவரைக் குறை சொல்லவில்லை. சாய்ந்து உட்காரும்படி பத்துப் பெஞ்சுகள், மேலே ஒரு கூரை, இவ்வளவு இருந்தால் போதும். குளிக்க முடியாத முதியவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள் எல்லா நாளும் அதில் உட்காரலாமே!

இன்னொன்று. எந்த அருவியில் தடை, எதில் இல்லை என்பதைத் தென்காசி பஸ் நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் பெரிய எழுத்தில் காலையிலேயே எழுதிவைத்தால், மெயின் அருவிக்குப் போய் அங்கிருந்து ஐந்தருவிக்கும் அங்கிருந்து பழைய குற்றாலத்துக்கும் பிள்ளைகுட்டிகளோடு ஆட்டோவில் அலைகிற கூட்டம் குறையும்.

அத்தை இந்த ஆண்டும் வருவதாகப் போன வாரம் போன் செய்தார். "தடை போட்டிருந்தாலும் பரவாயில்லை, வருகிறேன்" என்றார். உட்கார ஒரு மடக்கு நாற்காலி வாங்கி வைத்திருக்கிறேன். அதை எங்கே போடுவது என்பதை மட்டும் சம்பந்தப்பட்டவர்கள் சொல்லிவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தென்காசி.